ஆயில் ஃபில்டரும் அதன் பிடிமானமும்: கழற்றும் கருவிகளின் வரலாற்று வளர்ச்சி

மோட்டார் வாகன என்ஜினில் சுற்றிவரும் எண்ணெயிலிருந்து உலோகத் துகள், கரி, தூசு ஆகியவற்றைப் பிரித்து நிறுத்தும் வடிகட்டி, பட்டறை வழக்கில் ஆயில் ஃபில்டர் எனப்படுகிறது. எண்ணெய் மாற்றும்போதெல்லாம் இதையும் மாற்றுவது பொது வழக்கம். பழைய ஃபில்டரைக் கழற்றப் பெல்ட் ஸ்பானர், செயின் ரெஞ்ச், கிண்ணம் போன்ற சாக்கெட், மூன்று கால் கொண்ட நகக் கருவி, அகன்ற வாயுடைய பிளையர் எனப் பல கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. ஒரே வேலைக்கு இத்தனை கருவிகள் தோன்றியதற்குக் கருவி செய்தவர்களின் கற்பனை வளம் மட்டும் காரணமன்று. ஃபில்டரின் வடிவம் ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் பலமுறை மாறியது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அதைப் பற்றித் திருப்புவதற்கான இடமும் மாறியது. எனவே இக்கருவிகளின் வரலாறு பிடிமானத்தின் வரலாறே என்பதையும், சரியான கருவியைத் தேர்ந்தெடுக்கும் நெறி அவ்வரலாற்றிலிருந்தே கிடைக்கிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

ஃபில்டர் இல்லாத காலமும் முதல் ஃபில்டரும்

தொடக்ககாலக் கார்களில் எண்ணெயை வடிகட்டத் தனி உறுப்பு இருக்கவில்லை. 1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில், என்ஜினின் அடியில் தேங்கிய எண்ணெயைச் சுழலும் பாகங்களே வாரியிறைத்தன. அழுக்கேறிய எண்ணெயை அடிக்கடி வடித்துவிட்டுப் புதிது ஊற்றுவதே அன்று இருந்த ஒரே பாதுகாப்பு. இம்மரபின் எச்சம் நெடுங்காலம் நீடித்தது. காற்றால் குளிர்விக்கப்படும் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் என்ஜினில் கம்பிவலைச் சல்லடை ஒன்றே வடிகட்டும் பணியைச் செய்தது. அதைத் தாங்கிய தகட்டை ஆறு சிறு நட்டுகள் பிடித்திருந்ததால், அவற்றுக்குப் பொருந்தும் சாதாரண ஸ்பானரே போதுமானதாக இருந்தது.

1923இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட், ஜார்ஜ் கிரீன்ஹால்க் ஆகியோர் பியூரோலேட்டர் என்னும் எண்ணெய் வடிகட்டியை உருவாக்கினர். 1924இல் வெளிவந்த கிரைஸ்லர் காரில் இத்தகைய வடிகட்டி இடம்பெற்றது. இது எண்ணெய் முழுவதையும் வடிகட்டவில்லை. பம்ப்பிலிருந்து வரும் எண்ணெயின் பெரும்பகுதி நேராகத் தாங்கிகளுக்குச் சென்றது. ஒரு சிறு பகுதி மட்டும் கிளைவழியாக வடிகட்டிக்குள் நுழைந்து, தூய்மையடைந்து, மீண்டும் எண்ணெய்த் தொட்டியை அடைந்தது. என்ஜினுக்கு வெளியே குழாய்களால் இணைக்கப்பட்டிருந்த இவ்வகை வடிகட்டியைக் கழற்றுவது குழாய் நட்டுகளைக் கழற்றும் வேலையாகவே இருந்தது. அந்நட்டுகளின் ஆறுமுக வடிவம் பிடிமானத்தைத் தந்துவிட்டதால் தனிக்கருவி எதுவும் தேவைப்படவில்லை.

கூடும் நடுபோல்ட்டும்

அடுத்த கட்டத்தில், உலோகக் கூட்டை நிலையாக வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் வடிகட்டும் அடுக்கை மட்டும் மாற்றும் முறை பரவியது. எண்ணெய் முழுவதும் வடிகட்டி வழியே சென்று அதன் பின்னரே தாங்கிகளை அடையும் முழுவோட்ட முறையும் இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் வலுப்பெற்றது. இந்தியச் சாலைகளில் இவ்வமைப்புக்கு நன்கு அறியப்பட்ட சான்று அம்பாசடர் காராகும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றி மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரான அக்காரில் நெடுங்காலம் பொருத்தப்பட்ட 1489 சிசி பெட்ரோல் என்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி வரிசையைச் சேர்ந்தது. அவ்வரிசை என்ஜின்களில் வடிகட்டியின் கூட்டை ஒரே ஒரு நீண்ட நடுபோல்ட் என்ஜினோடு இறுக்கிப் பிடித்திருந்தது.

இங்கும் கழற்றும் கருவி எளிய ஸ்பானர்தான். நுணுக்கமெல்லாம் கழற்றிய பிறகே தொடங்கியது. கூட்டின் விளிம்பு அமரும் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம் பதிந்திருக்கும். வெப்பத்தால் இறுகிப்போன அவ்வளையத்தைக் கூர்முனைக் கம்பியால் நெம்பி எடுக்காமல் புதியதை அதன்மேல் வைத்துவிட்டால், இரு வளையங்களும் சரியாக அமராமல் எண்ணெய் பீறிட்டு வெளியேறும். நடுபோல்ட்டின் தலையில் சேரும் சிறு வளையங்களும் வில்லும் இடம் மாறினாலும் கசிவு ஏற்படும். உறுப்புகள் மிகுதியாதலால் வேலை மெதுவாக நடந்தது. கையும் தரையும் எண்ணெயில் நனைந்தன. அடுத்த மாற்றத்துக்கு இந்தத் தொல்லையே வழிவகுத்தது.

திருகு ஃபில்டரும் பிடிமானத்தின் இழப்பும்

1950களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில், கூடும் உள்ளடுக்கும் ஒரே உருளையாகி, முழுவதையும் திருகிக் கழற்றி எறிந்துவிடும் திருகுவகை ஃபில்டர் அறிமுகமாயிற்று. அதன் அமைப்பை அறிந்தால்தான் கழற்றும் கருவிகளின் பிந்தைய வரலாறு விளங்கும். உருளையின் வாய்ப்புறத்தில் தடித்த எஃகுத் தகடு ஒன்று உள்ளது. அதன் நடுவில் மரையிட்ட துளையும், அதைச் சுற்றிச் சிறு துளைகளும் இருக்கின்றன. சிறு துளைகள் வழியே நுழையும் எண்ணெய், மடித்து அடுக்கிய வடிதாளைக் கடந்து நடுத்துளை வழியே என்ஜினுக்குத் திரும்புகிறது. தகட்டின் வெளிவிளிம்பை ஒட்டிக் கேஸ்கெட் எனப்படும் ரப்பர் வளையம் பொருத்தப்பட்டுள்ளது. எஞ்சிய உருளைச்சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்புள்ள தகடாகும்.

மாற்றும் வேலையை இவ்வமைப்பு வெகுவாக எளிதாக்கியது. ஆனால் ஸ்பானர் பற்றுவதற்கு இருந்த ஆறுமுகத் தலை இதனால் மறைந்து, வழுக்கும் உருளைச்சுவர் மட்டுமே மிஞ்சியது. கையால் இறுக்கிய ஃபில்டரைக் கையாலேயே கழற்றிவிடலாம் என்ற எதிர்பார்ப்பு நடைமுறையில் பெரும்பாலும் பொய்த்தது. பல மாதங்கள் சூடேறியும் ஆறியும் வந்த ரப்பர் வளையம் என்ஜின் முகத்தோடு ஒட்டிக்கொள்வது ஒரு காரணம். உலர்ந்த வளையத்துடன் பொருத்துவதும் கருவிகொண்டு மிகையாக இறுக்குவதும் பிற காரணங்கள்.

இதன் அளவை எளிய கணக்கால் உணரலாம். 76 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஃபில்டரைத் தளர்த்த 20 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை, அதாவது சுழற்றும் விசையின் வலிமை, தேவைப்படுவதாகக் கொண்டால், 38 மில்லிமீட்டர் ஆரத்தில் பற்றும் கை ஏறத்தாழ 54 கிலோ எடைக்கு ஈடான விசையைச் சுவரின்மீது செலுத்த வேண்டும். அதே வேலையை 200 மில்லிமீட்டர் நீளக் கைப்பிடி உள்ள கருவி, ஏறத்தாழ 10 கிலோ எடைக்கு ஈடான விசையில் முடித்துவிடும். ஆனால் கைப்பிடியின் நீளம் எவ்வளவாயினும், கருவி சுவரை வழுக்காமல் பற்றினாலன்றிப் பயன் விளையாது.

குழாய்த் தொழிலிலிருந்து பெற்ற கருவிகள்

முகமற்ற உருளையைத் திருப்பும் சிக்கலைக் குழாய்த் தொழிலாளர்கள் முன்பே எதிர்கொண்டிருந்தனர். தடித்த இரும்புக் குழாயைச் சங்கிலியால் சுற்றிப் பிடிக்கும் செயின் ரெஞ்சும், மெருகிட்ட குழாயைக் கீறாமல் வாரால் சுற்றிப் பிடிக்கும் பெல்ட் ரெஞ்சும் அத்தொழிலுக்கு உரியவை. திருகு ஃபில்டருக்கு இவ்விரண்டின் வழிவந்த கருவிகள் பயன்படலாயின. மெல்லிய எஃகுப் பட்டையை வளையமாக்கிக் கைப்பிடியோடு இணைத்த பட்டை ரெஞ்ச், இவற்றோடு சேர்ந்த மூன்றாம் வகையாகும்.

இக்கருவிகள் யாவும் உராய்வை நம்பியே இயங்குகின்றன. முரட்டு மாட்டின் கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு சிறுவன் நிறுத்திவிடும் விதியே இங்கும் செயற்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் லியோனார்டு ஆய்லர் கணித வடிவில் தந்த அவ்விதியின்படி, சுற்றும் கோணமும் உராய்வுக் கெழுவும், அதாவது இரு பரப்புகள் ஒன்றையொன்று பற்றும் தன்மையைக் குறிக்கும் எண்ணும், உயர உயரப் பிடிமானம் பன்மடங்காகப் பெருகும். முக்கால் சுற்று சுற்றிய வாரில் உராய்வுக் கெழு 0.3 எனில், இறுகிய முனையின் இழுவிசை தளர்ந்த முனையின் இழுவிசையைப் போல் ஏறத்தாழ 4.1 மடங்கு வரை தாங்கும். எண்ணெய் பட்டு அக்கெழு 0.1 ஆகக் குறைந்தால் அது 1.6 மடங்காகச் சுருங்கிவிடும். பெல்ட் ஸ்பானரைப் போடுமுன் ஃபில்டரைத் துணியால் நன்கு துடைக்க வேண்டும் என்று பட்டறைகளில் சொல்லப்படும் அறிவுரைக்கு அடிப்படை இதுவேயாகும்.

கருவியை எங்குச் சுற்ற வேண்டும் என்பதும் இங்கே தீர்மானமாகிறது. உருளையின் நடுப்பகுதிக்கு உட்புறத்தில் வலுவான தாங்கல் இல்லாததால், அங்கு இறுக்கும் பட்டையும் சங்கிலியும் சுவரை நசுக்கிவிடும். வாய்ப்புறத் தகட்டை ஒட்டிய பகுதியோ உள்ளிருந்து தாங்கப்படுவதால் நசுங்காது. எஃகுப் பல்லால் கவ்வும் செயின் ரெஞ்ச் வழுக்குவது அரிதெனினும் சுவரைச் சிதைக்கும். ஆகவே எறியப்போகும் ஃபில்டருக்கு மட்டுமே அது ஏற்றது. உருளையில் ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாய்ச்சி நெம்பும் பழக்கம் இவற்றினும் கேடானது. மெல்லிய தகடு கிழிந்து நீளும்போது எண்ணெய் கொட்டுவதோடு, இருந்த பிடிமானமும் போய்விடுகிறது. வாய்ப்புறத்தில் ஆழக் குத்தினால் ஃபில்டர் ஏறும் மரைக்குழாயும் பழுதடையக்கூடும். உருளை கிழிந்து அடித்தகடு மட்டும் எஞ்சும் நிலையில், தகட்டின் துளைகளில் இரு முனைகளை நுழைத்துத் திருப்புவதோ விளிம்பில் உளியை வைத்து மெல்லத் தட்டுவதோதான் வழியாகும்.

பிடிமானம் ஃபில்டரிலேயே அமைதல்

இவ்விடர்களுக்கு மாற்றாக, ஃபில்டரின் மூடிய முனையின் விளிம்பைச் சுற்றி வரிசையான பட்டைகளும் பள்ளங்களும் அமைக்கும் வழக்கம் பரவியது. அவற்றின்மேல் கவிழ்ந்து பொருந்தும் கிண்ணவகைக் கருவி சாக்கெட் மரபைச் சேர்ந்தது. 1920இல் தொடங்கப்பட்ட ஸ்னாப்-ஆன் நிறுவனம், ஐந்து கைப்பிடிகளில் பத்து சாக்கெட்டுகளை மாற்றி மாற்றிப் பொருத்தும் முறையைப் பரப்பியிருந்தது. சதுரத் துளை வழியே கைப்பிடியை ஏற்கும் அம்முறையைக் கிண்ணக் கருவியும் பின்பற்றுவதால், ராட்செட் கைப்பிடியும் நீட்டுக்கம்பியும் அதனோடு இணைகின்றன. பக்கவாட்டில் கை நுழையாத இடத்திலும் முனைப்புறமிருந்து வேலை முடிகிறது. இதற்கு விலையாகப் பொதுமை போய்விடுகிறது. 65 மில்லிமீட்டரில் 14 பட்டை கொண்ட கிண்ணம் 76 மில்லிமீட்டர் ஃபில்டருக்கு உதவாது. விட்டம் ஒன்றாயினும் பட்டைகளின் எண்ணிக்கை வேறுபட்டால் பொருந்தாது. பொருந்தாத கிண்ணம் பட்டைகளின் விளிம்பை மழுக்கிவிடும். இந்தியாவில் 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 முதலிய சிறிய கார்களின் மூலம் திருகு ஃபில்டர் பெருவழக்காகியபோது, இக்கருவிகளின் தேவையும் பெருகியது.

மூன்று கால் கொண்ட நகக் கருவி, பொதுமையையும் முனைவழிப் பிடியையும் இணைக்கும் முயற்சியாகும். கைப்பிடியைத் திருப்பும்போது உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் கால்களை உட்புறமாக இறுக்குவதால், திருப்பும் விசை கூடக்கூடப் பிடியும் கூடுகிறது. பல விட்டங்களுக்கு இது ஒத்துவரினும் சுவரில் தழும்பை ஏற்படுத்துவதால் புதிய ஃபில்டரைப் பொருத்த இதைப் பயன்படுத்தலாகாது. கே அண்ட் என் போன்ற தயாரிப்பாளர்கள் ஃபில்டரின் முனையிலேயே ஆறுமுக நட்டு ஒன்றைப் பற்றவைத்துத் தருகின்றனர். முதல் வடிகட்டிகளில் இருந்து திருகு ஃபில்டரில் தொலைந்த ஆறுமுகம் இவ்வாறு மீண்டும் இடம்பெற்றது.

உள்ளடுக்கு முறையின் மறுவருகை

1990கள் தொட்டு ஐரோப்பியக் கார்களிலும், பின்னர் டொயோட்டா முதலிய ஜப்பானியக் கார்களிலும், உள்ளடுக்கை மட்டும் மாற்றும் பழைய முறை புதிய வடிவில் திரும்பியது. எண்ணெய் தோய்ந்த எஃகு உருளை கழிவாகாமல் தாளடுக்கு மட்டும் கழிவாவது இதன் முதன்மைப் பயனாகும். நடுபோல்ட்டின் இடத்தை இப்போது மரையிட்ட மூடி பிடித்தது. அம்மூடி பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனது. எஃகு உருளையைப் போல் எறியப்படாமல் வாகனத்தின் ஆயுள் முழுவதும் தொடர்வது. ஆதலால் கருவித் தேர்வில் இதுவரை இருந்த தளர்ச்சி இங்குக் கிடையாது. மெர்சிடிஸ் மூடிகள் பலவற்றுக்கு 74 மில்லிமீட்டர், 14 பட்டைக் கிண்ணமும், பிஎம்டபிள்யூ மூடிகள் பலவற்றுக்கு 86 மில்லிமீட்டர், 16 பட்டைக் கிண்ணமும் தேவைப்படுகின்றன. சங்கிலி, நகக் கருவி, பிளையர் ஆகியவற்றில் எதுவும் மூடியைக் கீறவோ பிளக்கவோ கூடும். இத்தகைய மூடிகள் பலவற்றின்மேல் 25 நியூட்டன் மீட்டர் என இறுக்கும் அளவே பொறிக்கப்பட்டுள்ளது.

தேர்வு நெறி

இவ்வளர்ச்சியிலிருந்து பெறப்படும் நெறி தெளிவானது. கருவியைத் தேடுமுன் ஃபில்டர் எந்த இடத்தில் பிடிமானம் தருகிறது என்று பார்க்க வேண்டும். நட்டோ பட்டைகளோ இருப்பின் அவற்றுக்கு அளவொத்த சாக்கெட்டும் கிண்ணமுமே முதல் தேர்வாகும். அவை மழுங்கியிருந்தாலோ அளவு கிடைக்காவிட்டாலோ, பக்கவாட்டில் கைப்பிடி சுழல இடமிருக்குமாயின் பெல்ட் அல்லது பட்டை ரெஞ்சும், முனைப்புறம் மட்டும் திறந்திருக்குமாயின் நகக் கருவியும் ஏற்றவை. அசையாமல் ஒட்டிக்கொண்ட, எறியப்படவிருக்கும் எஃகு உருளைக்குச் செயின் ரெஞ்ச் இறுதி வழி. மீண்டும் பயன்படும் மூடிக்கு அளவொத்த கிண்ணத்தையோ சாக்கெட்டையோ தவிர வேறெதுவும் தகாது. சுழற்றும் திசையையும் மூடிய முனையை நேர்நோக்கிக் கணிக்க வேண்டும். தொங்கும் ஃபில்டரை மேலிருந்து பார்ப்பவருக்கு அத்திசை தலைகீழாகத் தோன்றுவதால், கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்கிவிடும் பிழை நேர்கிறது.

கழற்றுவதன் எளிமை பெரும்பாலும் முந்தைய பொருத்துதலிலேயே முடிவாகிறது. புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவி, அது என்ஜின் முகத்தைத் தொட்டபின் முக்கால் சுற்றுத் திருப்புவது பல ஃபில்டர்களுக்குச் சொல்லப்படும் அளவு. ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் முன்னேறும் மரையில் அம்முக்கால் சுற்று வளையத்தை ஏறத்தாழ 1.1 மில்லிமீட்டர் அழுத்துகிறது. கசிவைத் தடுக்க அதுவே போதும். அவ்வளவோடு கை நின்றால், அடுத்த முறை கழற்றுபவருக்கு மிக எளிய கருவியே போதுமானதாகிவிடுகிறது.