பாலிசியை ஏன் பாதியில விடக் கூடாது?

1/ நம்ம நாட்டுல மெடிகிளெய்ம் வந்தது 1986-ல, அரசு கம்பெனிகள் மூலமா. பாதுகாப்பு விதிகள் மெதுவாத்தான் வந்துச்சு.

2/ சுகர், பிரஷர் ஏற்கெனவே இருந்தா காத்திருப்பு 4 வருஷம் வரை. 2024-ல அது 3 ஆச்சு. 5 வருஷம் விடாம கட்டிட்டா, மோசடின்னு நிரூபிக்காம 'நோயை மறைச்சீங்க'ன்னு க்ளெய்மை மறுக்க முடியாது. முன்னாடி இது 8 வருஷம்.

3/ கவனிச்சீங்களா? எல்லா உரிமையும் விடாம கட்டுறவங்களுக்குத்தான். ஆனா வயசாக ஆக பிரீமியம் ஏறுது. கட்ட முடியாம பாலிசி காலாவதியானா, காத்திருப்பு மறுபடி முதல்லேருந்து.

4/ 2025 ஜனவரியிலதான் ஒரு கடிவாளம்: 60 வயசானவங்களுக்கு வருஷம் 10%-க்கு மேல ஏத்தணும்னா ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்துக்கணும். அதே வருஷம் செப்டம்பர்ல தனிநபர் பாலிசிக்கான 18% ஜிஎஸ்டியும் போச்சு. 60-க்குக் கீழே அந்தக் கடிவாளம் இல்லை.

5/ அதனால பிரீமியம் கட்டுப்படியாகலைன்னா நிறுத்திடாதீங்க. வேற கம்பெனிக்கு மாத்த முடியுமான்னு கேளுங்க. 2011-லேருந்து அந்த உரிமை இருக்கு. காத்திருந்த வருஷங்களும் கூடவே வரும்.