ஏற்றத்தாழ்வின் விலை

ஏற்றத்தாழ்வை அளப்பதென்பது, அதனால் மக்கள் நலன் எவ்வளவு குன்றுகிறது என அளப்பதே என்று 1920இல் ஆங்கிலேயப் பொருளியலார் ஹியூ டால்டன் எடுத்துரைத்தார். 1970இல் அந்தோணி அட்கின்சன் அக்கருத்துக்குக் கணித வடிவம் தந்தார்.

இரு குடும்பங்களை எண்ணிப் பார்ப்போம். ஒன்றின் மாத வருமானம் 10,000 ரூபாய், மற்றதற்கு 40,000. சராசரி 25,000. ஏற்றத்தாழ்வை ஓரளவு வெறுக்கும் சமுதாயம், இருவருக்கும் சமமாக 20,000 கிடைத்தாலே அதே நலன் விளையும் என்னும். மிகுதியாக வெறுப்பது 16,000 போதும் என்னும். சமத்துவத்திற்காக இழக்க இசையும் அப்பங்கே, அதாவது 20 அல்லது 36 விழுக்காடே, அட்கின்சன் குறியீடு. ஆனால் வெறுப்பின் அளவைக் கணிதம் தருவதில்லை. அதை நாமே தர வேண்டும்.

நமது புதுக்கோட்டை மாவட்டம் 1990களின் தொடக்கத்தில் அதற்கு ஒரு விடை தந்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், கல்குவாரிகள் பலவற்றின் குத்தகை, ஒப்பந்தக்காரர்களிடமிருந்து அங்கே கல்லுடைத்த பெண்களின் குழுக்களுக்கு மாறியது. அறிவொளி இயக்கம் எழுத்தறிவு பரப்பிய காலமும் அதுவே. ஒப்பந்தக்காரரின் இழப்பு கணக்கேட்டில் எளிதில் தென்படும். கூலிப்பெண் பெற்ற நிமிர்வு எந்தச் சராசரியிலும் தென்படாது.

ஏற்றத்தாழ்வை நாம் எவ்வளவு வெறுக்கிறோம் என்பதற்கு நம் சொற்கள் சான்றாகா. விட்டுக்கொடுக்கும் பங்கே சான்று.