பாணும் சம்பலும் வந்த வழி

மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூர் நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, வாவியை அண்டியுள்ள ஊர் தன்னாமுனை. அவ்வழியே காலையிற் செல்வோர் தேநீர்க்கடை ஒன்றிலே தங்கிப் பசியாற விரும்பினால், எளிதிற் கிடைப்பது பாணும் சம்பலுமாகும். போறணையிலிருந்து வந்த பாணைப் பிளந்து, உள்ளே தேங்காய்ச் சம்பலையோ, முதல்நாள் வைத்த மீன்குழம்பையோ இட்டு உண்பர். மேற்புறம் மொறுமொறுக்கும், உட்புறம் சம்பலின் உறைப்பையும் தேசிக்காய்ப் புளியையும் பஞ்சுபோல உறிஞ்சிக்கொள்ளும். உண்டு பார்த்தவர் அச்சுவையை எளிதில் மறவார்.

ஆங்கிலேயர் இவ்வகை உணவைச் சான்ட்விச் என்பர். சான்ட்விச் பிரபு என்பார் சூதாட்ட மேசையை விட்டு எழ மனமின்றி, பாண் துண்டுகளுக்கிடையே இறைச்சியை வைத்துத் தரும்படி கேட்டார் என்றொரு கதை வழங்குகிறது. வரலாற்றாசிரியர் கிப்பன் 1762ஆம் ஆண்டிலேயே தம் நாட்குறிப்பில் அப்பெயரை எழுதியுள்ளார். நமது தேநீர்க்கடை உணவுக்குப் பெயர் தந்த பிரபு எவருமிலர். ஆயினும், அதன் ஒவ்வொரு கூறும் கடல் கடந்து வந்த கதையொன்றை உடையது.

பாண் என்பது போர்த்துக்கேயச் சொல். அதைச் சுடும் போறணையின் பெயரும் அம்மொழியிலிருந்து வந்ததே. போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டிலே புளியந்தீவிற் கோட்டை கட்டினர். 1638ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். பத்தாண்டுகளே நிலைத்த கோட்டையாட்சி மறைந்தது, சொற்கள் மறையவில்லை. போர்த்துக்கேயர் வழிவந்த மொழியைப் பேசும் பறங்கியர் குடும்பங்கள் சில மட்டக்களப்பில் இன்றும் வாழ்கின்றன. கத்தோலிக்கத் திருப்பலிக்குக் கோதுமை அப்பம் இன்றியமையாதது என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

ஒரு றாத்தல் பாண் என்று கடையிற் கேட்கிறோமே, அந்த றாத்தல் அரபு வணிகரின் நிறைப்பெயர். சம்பல் மலாய்ச் சொல். சம்பலிற் சேரும் மாசி மாலைதீவுச் சரக்கு. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்திலே தோன்றி, போர்த்துக்கேயர் காலத்திலே கீழைநாடுகளுக்கு வந்தது. அதற்குமுன் நம் கறிக்கு உறைப்பளித்தது மிளகே. இப்படியெல்லாம் வந்த பொருள்களை நம் ஊர்த் தேங்காயுடனும் கடல்மீனுடனும் கூட்டி, நமது சுவையாக ஆக்கியது அடுக்களையிலே உழைத்த கை.

ஆயினும், பெரும்பாலான மக்கள் பாணுக்குப் பழகியது சுவைக்காக மட்டுமன்று. இரண்டாம் உலகப் போருக்கு முன் இலங்கை தனக்கு வேண்டிய அரிசியின் பெரும்பகுதியைப் பிறநாடுகளிலிருந்தே பெற்றது. அதிலே பர்மா அரிசி முதன்மையானது. 1942ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. ஏப்ரல் 9ஆம் நாள், பிரித்தானியரின் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் மட்டக்களப்புக் கடலிலே ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. அரிசி வரவு குறைந்தது, பங்கீடு வந்தது. அரிசியின் குறையை நிரப்பக் கோதுமை மா வழங்கப்பட்டது. சோறே உணவென்று வாழ்ந்த வீடுகளிலும் பாண் அன்றாட உணவாக இடம்பெற்றது. போர் முடிந்த பின்னும் அவ்வழக்கம் நீங்கவில்லை. 1980ஆம் ஆண்டிலே திருகோணமலைத் துறைமுகத்திற் பெரியதொரு கோதுமை மா ஆலை இயங்கத் தொடங்கியது.

ஆலை நம் கரையில் நிற்கிறது. ஆனால், அது அரைக்கும் கோதுமை நம் மண்ணில் விளைவதன்று. பாண் என்னும் சொல் ஒருமுறை கப்பலேறி வந்தது, நமதாகிவிட்டது. மிளகாய் ஒருமுறை வந்தது, நம் தோட்டங்களில் வேரூன்றிவிட்டது. கோதுமையோ ஒவ்வொரு முறையும் கப்பலிலேயே வரவேண்டும். இந்த வேறுபாட்டை 2022ஆம் ஆண்டு உணர்த்திற்று. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியது. உக்ரேன் போர் உலகச் சந்தையிற் கோதுமை விலையை உயர்த்தியது. பாண் விலை ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்துக்கு ஏறியது. முந்திய ஆண்டில் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடையால் நெல் விளைச்சலும் குன்றியிருந்தது. 1942இல் அரிசி இல்லாத இடத்தைக் கோதுமை நிரப்பியது. 2022இலோ இரண்டும் ஒருங்கே அரிதாயின. நாட்கூலியை நம்பிய வீடுகளிலே ஒரு றாத்தல் பாணைப் பலர் பங்கிட்டு உண்ணவேண்டியதாயிற்று.

வாவிக்கு அப்பால் படுவான்கரையிலே நெல்வயல்கள் பரந்து கிடக்கின்றன. அந்நெல்லை விளைவிக்கும் உழவரும் காலையிலே பாணைத்தான் பிட்டு உண்கின்றனர். அது குற்றமன்று, விருந்தாளியாய் வந்த உணவு வீட்டு உணவாகிவிட்டது. ஆனால், கப்பல் வராத காலமும் உண்டு என்பதை எண்பது ஆண்டு இடைவெளியில் இருமுறை கண்டோம். ஆகவே, பாணைச் சுவைப்போர் வயலையும் மறவாதிருத்தல் நன்று.