தையற்பொறியும் சிக்கிய நூலும்

தையற்பொறியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதனைக் கண்டுபிடித்தவர் யார் என்ற வினாவுடன் தொடங்குவர். ஹவ்வா, சிங்கரா, அன்றி அவர்களுக்கு முந்திய ஒருவரா என்று நெடிது வாதிப்பர். அவ்வினாவைச் சற்றே ஒதுக்கிவைத்து, பொறியின் முன் அமர்ந்த எவரும் அறிந்த ஒரு சிறு தொல்லையிலிருந்து நாம் தொடங்குவோம். பஞ்சு வைத்த போர்வையொன்றைத் தைத்துக்கொண்டிருக்கையிற் பொறி திடீரென முனகுகிறது; துணி நகர மறுக்கிறது; புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் நூல் தேங்காய்த் தும்பைப் போலத் திரண்டு கிடக்கிறது. அச்சிக்கலை அவிழ்க்கச் செல்லும் நேரம் யாருடையது? முறிந்த ஊசிக்கு விலை கொடுப்பவர் யார்? இவ்விரு வினாக்களையும் பின்தொடர்ந்து சென்றால் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட தொழிலாளர் வரலாறு நம் கண்முன் விரிகிறது.

கையால் தைப்பவருக்கு ஒரே நூல் போதும். அது ஊசியோடு துணியினூடே முற்றாகச் சென்று மீள்கிறது. பொறிக்கு அது எளிதன்று. பிரான்சியத் தையற்காரரான பார்த்தெலெமி திமோனியே 1830இல் உரிமம் பெற்ற பொறி, கொக்கி ஊசியால் ஒற்றை நூலைச் சங்கிலியாகக் கோத்தது. கடைசி நுனியை இழுத்தால் தையல் முழுவதும் பிரிந்துவிடும். பரிஸ் நகரில் இராணுவ உடை தைப்பதற்காக அத்தகைய 80 பொறிகள் நிறுவப்பட்டன. 1831இல் தம் பிழைப்புக் கெடும் என்று அஞ்சிய தையற்காரர் உட்புகுந்து அவற்றை நொறுக்கினர். அவர்களை மூடர் என்று ஏளனஞ் செய்வது நூலாசிரியர் பலரின் வழக்கம். நாம் அதற்கு உடன்படோம். பொறி யாருடைய உடைமை என்பதை அத்தையற்காரர் நன்கு அறிந்திருந்தனர். அந்நிலையை மாற்றும் வழியைத்தான் அறிந்திலர்.

நியூயோர்க்கில் வோல்ரர் ஹன்ற் என்பவர் 1834 அளவில் ஊசியின் கண்ணை முனைக்குக் கொண்டுவந்து, தறியின் நாடாவைப் போன்ற ஓடமொன்றால் இரண்டாவது நூலைக் கோத்துப் பூட்டினார். தையலால் வயிறு வளர்க்கும் பெண்கள் வேலையிழப்பர் என்று மகள் கூறியதனால் அதற்கு உரிமம் பெறாது விட்டார் என்பர். 1846இல் எலியாஸ் ஹவ் அத்தகைய பூட்டுத் தையலுக்கு உரிமம் பெற்றார். அவருடைய பொறியிலே துணி முட்களிற் செங்குத்தாகத் தொங்கியது; சிறிது தூரம் தைத்ததும் நிறுத்தி, துணியைக் கழற்றி மீண்டும் மாட்ட வேண்டும்.

1850இல் பொஸ்ரன் நகரில் ஓர்சன் பெல்ப்ஸ் என்பவரின் பட்டறையில் ஐசாக் சிங்கர் புதிய பொறியொன்றை அமைத்தார். ஜோர்ஜ் சைபர் என்பவர் அதற்கு 40 டொலர் கொடுத்தார். பதினொராம் நாள் இரவு பொறியைப் பூட்டி ஓட்டியபோது தையல் விழவில்லை. களைத்துப்போன வேலையாட்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போய்விட்டனர். சைபர் விளக்கைப் பிடித்து நிற்க, சிங்கர் நள்ளிரவுவரை முயன்று தோற்றார். விடுதிக்குத் திரும்பும் வழியில் இருவரும் ஒரு பலகைக் குவியலின்மீது அமர்ந்தனர். நூல் வளையங்கள் தளர்ந்து கிடந்ததைச் சைபர் எடுத்துக் கூறியதும், ஊசி நூலுக்கு இறுக்கம் கொடுக்க மறந்தமை சிங்கருக்கு நினைவு வந்தது. திரும்பிச் சென்று இறுக்கியபோது ஐந்து தையல்கள் செவ்வையாக விழுந்து, நூல் அறுந்தது. அந்த ஐந்து போதும். சிங்கரே பின்னாளில் இதனைக் கூறியுள்ளார். ஆனால் பொறியிற் பொறிக்கப்பட்ட பெயர் ஒன்றே. பட்டறை தந்தவரும் விளக்குப் பிடித்தவரும் நெடுநாட் செல்லுமுன்பே பங்கை விற்று வெளியேற நேர்ந்தது.

அன்றிரவு சிங்கரை மயக்கிய அதே இறுக்கமே இன்றும் போர்வை தைப்போரை மயக்குகிறது. ஊசி கீழே இறங்கி மேலெழத் தொடங்கும்போது அதன் கண்ணருகே நூல் சிறு வளையமாக விரிகிறது. சுழலும் கொக்கி அவ்வளையத்தைப் பற்றிப் பொபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. பின்பு மேலேயுள்ள நெம்பு எஞ்சிய நூலை மேலிழுக்க, இறுக்கத் தட்டுகள் அதனைப் பிடித்துக்கொள்கின்றன. இரு நூல்களும் துணியின் நடுவே பூட்டிக்கொள்கின்றன. தட்டுகளுக்கிடையே நூல் அமராவிட்டால் எஞ்சிய நூல் மேலேறுவதில்லை, கீழேயே குவிகிறது. அடியிலே கிடக்கும் குவியலைக் கண்டு பொபினைக் குறை கூறுவோர் பலர். குற்றமோ பெரும்பாலும் மேல் நூலினுடையது. அழுத்தும் பாதத்தை இறக்கிய நிலையில் நூல் கோத்தால் மூடிய தட்டுகளுக்குள் அது நுழையாது. பாதத்தை உயர்த்தித்தான் கோக்க வேண்டும்; இறக்கித்தான் தைக்க வேண்டும். தடித்த போர்வையைத் தள்ளி நுழைக்கும் அவசரத்திற் பாதத்தை இறக்க மறந்துவிடுவது மிகச் சாதாரணம்.

சிக்கிய துணியைப் பலங்கொண்டு இழுத்தல் ஆகாது. ஊசி வளையும், கொக்கியின் நுனி பழுதுறும். பாதத்தை உயர்த்தி, கைச்சில்லைத் தன்பக்கமாகத் திருப்பி ஊசியை மேலேற்றி, அடி நூல்களை வெட்டி விடுவித்தபின், ஊசித் தகட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மேல்துணி, பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்குகளையும் துளைக்கும் ஊசி ஒவ்வொரு முறையும் சிறிது பஞ்சுத் தூசியைக் கீழே கொண்டுவருகிறது. துணியை நகர்த்தும் பற்களின் இடுக்கிலே அது கம்பளம்போற் படிகிறது. தூரிகையால் அதனை நீக்கி, எண்ணெய் வேண்டும் பொறியாயின் கொக்கியோடும் பாதையில் ஒரு துளி விட்டு, புது ஊசி மாட்டி, முதற் சில தையல்களுக்கு இரு நூல் நுனிகளையும் பின்புறமாகப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான தொல்லைகள் ஒழியும். எண்ணெய் என்று நாம் கூறுவது பொறி எண்ணெயை. அடுப்படி எண்ணெய் பிசினாகி மேலும் துன்பந்தரும்.

இவ்வறிவு எளியது. ஆயினும் அதற்குச் செலவாகும் அரைமணி நேரம் எல்லார்க்கும் ஒன்றன்று. 1856இல் அமெரிக்க உற்பத்தியாளர் வழக்காடுவதை விடுத்துத் தம் உரிமங்களை ஒன்றாகத் திரட்டினர். தொடக்கத்திலே பொறியொன்றுக்கு 15 டொலர் கட்டணம் அறவிடப்பட்டது. அதில் ஹவ்வுக்கு 5 டொலர். அவ்வேற்பாடு 1877வரை நிலைத்தது. (அதே ஆண்டிலேயே சிங்கர் கொழும்பில் வந்திறங்கியது.) தவணை முறையிற் பொறி வாங்கியவர், தவணை தவறினால் பொறியையும் கொடுத்த பணத்தையும் இழந்தார். காந்தியடிகள் 1924இல் பொறிகளுக்கு விதிவிலக்காகச் சிங்கரின் தையற்பொறியைப் போற்றி, மனைவிமேற் கொண்ட அன்பினால் அது பிறந்தது என்றார். சிங்கரின் குடும்ப வாழ்க்கையை அறிந்தோர் புன்னகை புரிவர்.

1909இல் நியூயோர்க்கின் சட்டைத் தொழிற்சாலைகளிலே, பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடியேறிகளான இளம்பெண்கள், ஊசிக்கும் நூலுக்கும் பொறியை ஓட்டும் மின்விசைக்கும்கூடத் தம் கூலியிலிருந்து பணம் கொடுத்தனர். துண்டு வேலைக் கூலி பெறுபவளுக்கு நூல் சிக்கினால் கூலியும் நிற்கிறது. ஊசி முறிந்தால் கூலி குறைகிறது. முதலாளியின் பொறி பழுதுறுவதன் நட்டத்தைத் தொழிலாளி சுமந்தாள். நவம்பர் 22ஆம் நாட் கூட்டத்திற் கிளாரா லெம்லிக் எழுந்து பொது வேலைநிறுத்தம் கோரினார். 20,000 பேரளவில் வெளியேறினர். அடுத்த ஆண்டுத் தொடக்கத்திற் பல நிறுவனங்கள் வாரத்துக்கு 52 மணி நேர வேலைக்கும் கருவிகளை இலவசமாகத் தருவதற்கும் இணங்கின. சங்கத்தை ஏற்க மறுத்த ட்ரையாங்கிள் தொழிற்சாலையில் 1911 மார்ச்சில் மூண்ட தீயில் 146 பேர் மாண்டனர்.

போர்வைக்கு மீள்வோம். 1966இல் அலபாமா மாநிலத்தின் வில்கொக்ஸ் மாவட்டத்துக் கறுப்பினப் பெண்கள் 'விடுதலைப் போர்வைக் கூட்டுறவை' அமைத்தனர். வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றமைக்காகக் குத்தகைக் குடிசைகளிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் அங்கே பலவாக இருந்தன. பழைய உடுப்புத் துண்டுகளை இணைத்துப் பஞ்சடுக்கோடு தைப்பது அவர்களுடைய தாய்மாரின் கலை. துண்டுகளை இணைக்கப் பொறி உதவினும் பஞ்சடுக்கைப் பெரும்பாலும் கையாலேயே தைத்தனர். கூட்டுறவு நிலம் வாங்கியது, துரத்தப்பட்டோர்க்கு அதிலே மனை கொடுத்தது, சொந்தத் தையலகம் கட்டியது. 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கோடுரோய்த் துணியில் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. வாரியோடிய, தடித்த, வெட்டுமிடமெல்லாம் தூசி உதிர்க்கும் துணி அது, பொறிக்குப் பகை. எல்லா உறைகளும் ஒரே அளவில், ஒரே வகையில் அமைய வேண்டும். சொந்த மனப்போக்குக்கு அங்கே இடமில்லை. எஞ்சிய வெட்டுத் துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று தாம் விரும்பியவாறு போர்வைகளாக இணைத்தனர். அக்கோடுரோய்ப் போர்வைகளிற் சில 2002இல் ஹூஸ்ரன் நுண்கலை அரும்பொருளகத்தின் சுவரிலே தொங்கின. பின்பு நியூயோர்க்கின் விற்னி அரும்பொருளகத்துக்கும் சென்றன. கூட்டுறவு 2012இல் மூடப்பட்டது.