சிற்றுருவப் படைவீரர் வார்ப்புகள்: நுணுக்கமும் உற்பத்தி முறையும்

முன்னுரை

முற்காலப் படைகளின் சீருடையையும் படைக்கலன்களையும் விளக்க, உலோகத்தாலும் நெகிழியாலும் ஆன சிற்றுருவப் படைவீரர்கள் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. நுணுக்கம் மிகுந்த உருவம் உண்மைக்கு நெருக்கமானது என்னும் எண்ணமே இதற்கு அடிப்படை. அந்நுணுக்கத்தின் எல்லையைப் பெரிதும் வகுத்தது வார்ப்பு முறையே என்பதை மூன்று வகை உருவங்களின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

தட்டை உருவங்கள்

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செருமனியின் நியூரம்பெர்க் நகரில் ஜோஹான் காட்ஃபிரீட் ஹில்பெர்ட் வெள்ளீயத் தட்டை உருவங்களை வார்த்தார். அடுத்த நூற்றாண்டில் அந்நகரின் ஹைன்ரிக்சன் பட்டறைவழி 30 மி.மீ. உயரம் பொது அளவாயிற்று. சிலேட்டுக்கல் அச்சின் இரு பாதிகளிலும் உருவம் குழிவாகச் செதுக்கப்பட்டது. அக்கல் மெல்லிய கோட்டையும் ஏற்பதால் பொத்தான், தோள்வார், குதிரைச் சேணம் ஆகியன தெளிவாகப் பதிந்தன. ஆயினும் உருவத்தின் தடிப்பு மிகக் குறைவு. எனவே கையும் துப்பாக்கியும் உடலின் தளத்தை ஒட்டியே அமைந்தன. பக்கத் தோற்றம் முதன்மை பெற்றது.

உள்ளீடற்ற உருவங்கள்

1893இல் இலண்டனின் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற ஈய உருவங்களை வெளியிட்டது. உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் எஞ்சியதை வெளியே வடித்துவிடுவது இம்முறை. இதனால் உலோகச் செலவு குறைந்தது, 54 மி.மீ. உருவம் முழுப் பருமையும் பெற்றது. முகத்தையும் சீருடைப் பட்டைகளையும் பெரும்பாலும் வண்ணமே உணர்த்தியது.

நெகிழி உருவங்கள்

1950களின் இறுதியில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் சிறிய நெகிழி வீரர்களை வெளியிடத் தொடங்கியது. எஃகு அச்சின் இரு பாதிகளும் நேராகப் பிரிய வேண்டும். அச்சில் சிக்கும் உட்குடைவுக்கு அங்கு இடமில்லை. ஆகவே மார்புக்கும் துப்பாக்கிக்கும் இடைப்பட்ட வெளி பல உருவங்களில் நெகிழியால் அடைபட்டது. அளவும் ஒரு தடையாயிற்று. 1:72 அளவில் 22 செ.மீ. முகம் 3 மி.மீ. ஆகும், 2 செ.மீ. துப்பாக்கிக் குழல் 0.3 மி.மீ. கூட இராது. அம்மெல்லிய குழல் அச்சில் நிரம்புவதும் கையாளுகையில் தாங்குவதும் அரிது என்பதால் அது தடித்தே வடிக்கப்பட்டது.

முடிவுரை

தட்டை வீரனின் பக்கவாட்டு நிலை போர்ப்பயிற்சிக்குச் சான்றன்று. நெகிழி வீரனின் தடித்த துப்பாக்கி படைக்கலனின் அளவைக் காட்டுவதன்று. இவ்வுருவங்களைச் சீருடை விதிமுறைகளோடும் எஞ்சியுள்ள உடைகளோடும் ஒப்பிட்ட பின்னரே போர் வரலாற்றுக்குப் பயன்படுத்துதல் தகும். அவை நேரடியாகச் சான்று பகர்வது, தம்மை வார்த்த காலத்தின் தொழில்நுட்பத்துக்கும் வாங்கியோரின் விருப்பத்துக்குமே ஆகும்.