போன் பேச யார் காசு கட்டுவது?

போன வாரம் எங்களிடம் படித்த பிள்ளை ஒருத்தி போன் எடுத்தாள். இறக்குவானைப் பக்கத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது மிளகு, கறுவா, கிராம்பு எல்லாம் சின்னச் சின்னப் பைக்கற்றில் அடைத்து விற்கிறாள். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பக்கத்துத் தோட்டத்துச் சனங்கள்.

"சேர், டோல் ஃபிரீ நம்பர் ஒன்னு எடுக்கலாமானு யோசிக்கிறேன். நம்ம ஆளுங்க ஓடர் பண்ண மிஸ் கோல் தான் குடுக்குறாங்க. நான் திருப்பி எடுக்குறதுக்குள்ள வேற கடைல வாங்கிடுறாங்க. ஆனா மாசா மாசம் காசு கட்டணுமே. என்ன செய்யட்டும்?"

வரலாறு படிப்பிக்கிறவர்களிடம் கணக்குக் கேட்டால் கதைதான் வரும். அவளிடம் போனில் சொல்லி முடிக்க முடியாமல் போனதை இங்கே எழுதுகிறோம். கடை, சிறுதொழில் செய்கிற மற்றவர்களுக்கும் உதவலாம்.

மிஸ் கோல் நம் காலத்துப் பழக்கம் என்று நினைக்கிறோம். கடிதக் காலத்திலேயே அது இருந்தது. 1840க்கு முன் இங்கிலாந்தில் கடிதத்துக்குப் பெரும்பாலும் வாங்குகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும். ஏழைகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உறையின் மேல் ஏதாவது ஒரு குறி போட்டு அனுப்புவார்கள். வீட்டுக்காரர் கடிதத்தை வாங்கிப் பார்த்து, குறியை வைத்து "சுகமாக இருக்கிறான்" என்று தெரிந்துகொண்டு, "எனக்கு வேண்டாம்" என்று தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். செய்தி வந்து சேர்ந்துவிட்டது, காசு போகவில்லை. 1840ல் ரோலண்ட் ஹில்லின் யோசனைப்படி ஒரு பென்னி முத்திரை வந்த பிறகுதான் அனுப்புகிறவர் முன்கூட்டியே காசு கட்டுவது வழமையானது. இலங்கையின் முதல் முத்திரை 1857ல் வந்தது. அடுத்த வருடம், 1858ல், கொழும்புக்கும் காலிக்கும் இடையில் தந்திக் கம்பி இழுத்தார்கள்.

பிறகு வியாபாரிகள் யோசித்தார்கள். முத்திரைக் காசுக்குப் பயந்து ஆட்கள் ஓடர் அனுப்பாமல் இருந்தால் நட்டம் நமக்குத்தானே? அதனால் முத்திரை ஒட்டத் தேவையில்லாத பதில் அட்டையும் உறையும் வந்தன. அனுப்புகிறவர் சும்மா போடலாம், காசைக் கம்பனி கட்டும். டோல் ஃபிரீ நம்பருக்கு இதைத்தான் மூத்த சகோதரம் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் சப்ரகமுவத் தோட்டங்களில் முத்திரைக் காசை விடப் பெரிய சிக்கல் விலாசம். லயத்துக்கென்று தனி விலாசம் கிடையாது. தோட்டத்துப் பேர், டிவிசன் பேர் போட்டு எழுதினால் கடிதம் கந்தோருக்குப் போகும். கந்தோரில் யாராவது எடுத்துக் கொடுத்தால் உண்டு. இந்தக் குறையை மலையகத்துப் பிள்ளைகள் இன்றும் சொல்கிறார்கள். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்த பிறகு கைக்கு வந்த கதையை நாங்கள் எத்தனை மாணவர்களிடம் கேட்டிருக்கிறோம்! போனும் அப்படித்தான். தோட்டத்தில் போன் இருந்தது துரை பங்களாவிலும் கந்தோரிலும்தான். அதில் ஒரு தொழிலாளி பேச வேண்டுமென்றால் முதலில் யாரிடமாவது கையைக் கட்டி நின்று கேட்க வேண்டும்.

தொண்ணூறுகளில் டவுனில் கொமியூனிகேஷன் கடைகள் வந்தன. எங்கள் வாப்பாவின் கடையிலும் ஒரு மூலையில் போனும் மீட்டரும் வைத்திருந்தோம். பிள்ளைகள் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன தாய்மார் வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து வாங்கில் உட்கார்ந்திருப்பார்கள். அழைப்பு வரும் என்று காத்திருப்பதுதான். சிலநேரம் வராது. வந்தால், வந்த அழைப்புக்கும் நாங்கள் காசு வாங்கினோம். எல்லாக் கடைகளும் வாங்கின, நாங்களும் வாங்கினோம். ஒரு நாள் ஒரு அம்மா ஒரு நிமிடம் கூடப் பேசாமல் "சரி மகன், வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார். மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசியிருக்கிறார். வந்த அழைப்புக்கு மீட்டர் ஓடவில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை, எங்களுக்குச் சொல்லத் தோன்றவும் இல்லை. இன்றும் அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கைபேசி வந்தபோதும் இதே கதைதான். செல்டெல் 1989ல் இலங்கையில் கைபேசிச் சேவையைத் தொடங்கியது. தெற்காசியாவிலேயே அதுதான் முதலாவது. ஆரம்ப காலத்தில் கைபேசிக்கு வருகிற அழைப்புக்கும் கைபேசிக்காரரே காசு கட்ட வேண்டியிருந்தது. நம்பரைப் பார்த்துவிட்டு எடுக்காமல் வைத்து, பக்கத்துக் கடை லைன் போனிலிருந்து திருப்பி எடுத்தவர்கள் நம்மில் பலர். பிறகு அந்தக் கட்டணம் போனது, ரீலோட் அட்டை வந்தது, தோட்டத்துச் சனங்கள் கையிலும் போன் வந்தது. ஆனால் பெலன்ஸ் எப்போதும் இருப்பதில்லை. அதனால்தான் மிஸ் கோல். இரண்டு தரம் அடித்தால் "வந்து சேர்ந்தேன்", ஒரு தரம் அடித்தால் "நீ எடு". பெங்களூரில் 2010ல் தொடங்கிய சிப்டயல் என்ற கம்பனி இந்தப் பழக்கத்தையே வியாபாரமாக்கியது. வாடிக்கையாளர் மிஸ் கோல் கொடுத்தால் கம்பனி தகவல் அனுப்பும். 2015ல் ட்விட்டர் அதை வாங்கியது.

டோல் ஃபிரீ நம்பரின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. முதலில் "செனித்" நம்பர் என்று ஒன்று இருந்தது. ஒப்பரேட்டரிடம் அந்த நம்பரைச் சொன்னால் அவர் ஒரு பட்டியலைப் பார்த்து, கம்பனியின் செலவில் இணைத்துக் கொடுப்பார். 1967ல் ஏடி அன்ட் டி நிறுவனம் ஒப்பரேட்டர் இல்லாமல் நேராக அடிக்கும் 800 நம்பர்களைக் கொண்டுவந்தது. எண்பதுகளின் ஆரம்பத்தில் பட்டியல் பார்க்கும் வேலை கணினிக்குப் போனது. 800 நம்பர் உண்மையில் ஒரு முகமூடி. உள்ளே ஒரு சாதாரண நம்பர் இருக்கிறது. கணினி பட்டியலைப் பார்த்து அழைப்பை அங்கே திருப்பிவிடும், பில்லை நம்பர் வைத்திருப்பவருக்கு அனுப்பும். 045 என்றால் இரத்தினபுரி, 035 என்றால் கேகாலை என்று நமக்குத் தெரியும். டோல் ஃபிரீ நம்பரில் ஊர் தெரியாது. கடை இடம் மாறினாலும் நம்பர் மாறத் தேவையில்லை.

இதில் ஒரு பொறியும் இருந்தது. அமெரிக்காவில் 1993 வரை 800 நம்பரை ஒரு கம்பனியிலிருந்து இன்னொரு கம்பனிக்குக் கொண்டுபோக முடியாது. சேவை பிடிக்காவிட்டால் நம்பரையும் விட வேண்டும். போர்டில், பைக்கற்றில், விளம்பரத்தில் எல்லாம் அடித்து வைத்த நம்பர்! கந்தோருக்குப் போகிற கடிதத்தின் நிலைமைதான் இது. விலாசம் உன்னுடையது என்று பெயர், சாவி இன்னொருவர் கையில்.

நம் நாட்டில் காசில்லாமல் பேசும் நம்பர் என்றால் ஆட்களுக்கு ஞாபகம் வருவது 119, 1990, 1929. 1990 அம்புலன்ஸ் 2016ல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடெங்கும் வந்தது. பெலன்ஸ் இல்லாத போனிலிருந்தும் உயிரைக் காப்பாற்றலாம் என்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் எங்களுக்கு ஒரு அனுபவம் இருக்கிறது. தோட்டத்து மாணவன் ஒருவனின் அலுவலுக்காக அவனுடைய அம்மாவை ஒரு இலவச நம்பருக்குப் பேச வைத்தோம். முதலில் சிங்களத்தில் அறிவிப்பு. தமிழுக்கு இலக்கத்தை அழுத்தினோம். நீண்ட நேரம் பாட்டு. கடைசியில் வந்தவருக்குத் தமிழ் வரவில்லை. அந்த அம்மா போனை எங்கள் கையில் தந்துவிட்டு, "நீங்களே பேசுங்க சேர்" என்றார். 1987ன் 13வது திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழியானது. அது போனின் மறுமுனைக்கு வந்து சேராவிட்டால் இலவசம் என்ற சொல்லுக்கு என்ன பெறுமதி?

இனி அந்தப் பிள்ளைக்கான பதில்.

மகள், முதலில் ஒரு கொப்பி வாங்கு. ஒரு மாதம் வருகிற மிஸ் கோல் எல்லாவற்றையும் எழுது. எத்தனை பேர், எத்தனை மணிக்கு, திருப்பி எடுத்தபோது எத்தனை பேர் வாங்கினார்கள். மாதம் 200 அழைப்பு, ஒவ்வொன்றும் 3 நிமிடம் என்றால் 600 நிமிடம். அதற்கு நிமிடக் கணக்கில் வரும் காசையும் மாதக் கட்டணத்தையும் கூட்டி, கைநழுவிப் போன ஓடரின் இலாபத்தோடு ஒப்பிட்டுப் பார். இலாபம் குறைவு என்றால் இப்போதைக்கு டோல் ஃபிரீ வேண்டாம். மிஸ் கோலுக்கு உடனே திருப்பி எடுக்க ஒரு ஆளும் நல்ல பேச்சு பெக்கேஜ் ஒன்றும் போதும்.

எடுப்பதென்றால் கையெழுத்துப் போடுமுன் நான்கு விஷயம் கேள். எல்லாக் கம்பனி சிம்மிலிருந்தும் இந்த நம்பருக்கு இலவசமாக எடுக்கலாமா? வெளிநாட்டில் இருப்பவர்கள் எடுக்கலாமா? கைபேசியிலிருந்து வரும் அழைப்புக்கு உன்னிடம் கூடுதலாக அறவிடுவார்களா? சேவையை நிறுத்தினால் நம்பர் யாருக்கு? பதிலை எழுத்தில் வாங்கு. நம்பரை உன் பேரில் பதிவு செய், நம்பர் எடுத்துத் தருகிற ஏஜன்டின் பேரில் அல்ல.

போனை எடுப்பது யார் என்பதையும் இப்போதே முடிவு செய். நம்ம ஆட்கள் பேசுகிற தமிழில், பொறுமையாகப் பேசுகிற ஒருவர் இருக்க வேண்டும். எங்கள் கடையில் அது இருக்கவில்லை. அந்த அம்மாவுக்கு "பயப்படாமப் பேசுங்க, மீட்டர் ஓடல்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நேற்று அவள் மெசேஜ் போட்டிருந்தாள். கொப்பி வாங்கிவிட்டாளாம், முதல் நாளே பதினொரு மிஸ் கோல். மாதக் கடைசியில் கணக்கைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

உங்கள் ஊர் கொமியூனிகேஷன் கடையில் நீங்கள் காத்திருந்த கதை இருந்தால் கீழே எழுதுங்கள். டோல் ஃபிரீ நம்பர் எடுத்து நடத்துகிறவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள், அந்தப் பிள்ளையும் வாசிப்பாள்.