நாலு சுவை மாமரமும் தங்கத் தொட்டியில் போன அரசமரமும்

காஞ்சிபுரம் என்றதும் எல்லோருக்கும் பட்டுதான் ஞாபகம் வரும். பட்டு என்றதும் பார்டரிலும் முந்தானையிலும் வரிசையாக ஓடுகிற மாங்காய் டிசைன் ஞாபகம் வரும். ஆனால் அந்த ஊரின் பெரிய சிவன் கோவிலுக்கே பெயர் கொடுத்த நிஜ மாமரம் ஒன்று வயதாகிப் பட்டுப்போன கதை வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது.

பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கும் ஏகாம்பரநாதர் கோவில் பஞ்சபூதத் தலங்களில் மண்ணுக்கு உரியது. ஏக ஆம்ரம், அதாவது ஒற்றை மாமரம் என்பதுதான் ஏகம்பம், ஏகாம்பரம் என்று ஆனதாகப் பொதுவாகச் சொல்வார்கள். கம்பை ஆற்றங்கரையில், ஒரு மாமரத்தடியில், அம்பாள் மணலால் லிங்கம் பிடித்துப் பூஜை செய்தாள். ஆற்றில் வெள்ளம் வந்தபோது லிங்கம் கரைந்துவிடாமல் கட்டித் தழுவிக்கொண்டாள் என்பது தல புராணம். அந்த மரத்துக்கு நாலு கிளைகள், அவை நாலு வேதங்கள், ஒவ்வொரு கிளையின் பழத்துக்கும் ஒவ்வொரு சுவை என்பார்கள். வயது 3500 என்பார்கள்.

இந்த 3500 என்ற கணக்கைத் தாவரவியல் ஒத்துக்கொள்ளாது. நன்றாகப் பராமரிக்கப்பட்ட மாமரம் நூறு வருடத்தைத் தாண்டும், அபூர்வமாக இருநூறு முந்நூறு வருடம் நிற்கும். அவ்வளவுதான். ஆனால் கோவில் பழையது என்பதில் சந்தேகமே இல்லை. 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய மத்தவிலாச நாடகத்தில் வரும் காபாலிகன் இந்த ஏகம்பத்தில்தான் குடியிருக்கிறான். அப்பரும் சம்பந்தரும் பாடியிருக்கிறார்கள். ஆக, குறைந்தது 1400 வருடமாக இங்கே கோவில் இருக்கிறது. கோவிலின் பெயரிலேயே மாமரம் இருக்கிறது என்றால், ஒரு மரம் போனதும் இன்னொரு மரம் அதே இடத்தில் அதே மரியாதையோடு வந்திருக்க வேண்டும். 3500 என்பது ஒரு மரத்தின் வயது அல்ல, ஒரு வம்சத்தின் வயது என்று எடுத்துக்கொண்டால் சண்டையே இல்லை.

நம் காலத்தில் அதுதான் நடந்தது. பழைய மரம் பட்டுப்போனது. அதன் அடிமரத்தைக் கண்ணாடிக்குள் வைத்துக் கோவிலிலேயே பாதுகாக்கிறார்கள். மரம் நின்ற இடத்தில் இப்போது இளமரம் நிற்கிறது. பக்தர்கள் அதைத்தான் சுற்றி வருகிறார்கள், பழைய மரத்தின் வாரிசாகவே கும்பிடுகிறார்கள்.

சரி, வாடுகிற மரத்தைப் பிழைக்க வைக்க நம் முன்னோர்கள் என்னதான் செய்தார்கள்?

6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருஹத் சம்ஹிதையில் மர வைத்தியத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. நோய் பிடித்த பகுதியைக் கத்தியால் வெட்டி எடு, வெட்டிய இடத்தில் வாய்விடங்கம், நெய், சேறு கலந்து பூசு, பால் கலந்த தண்ணீர் ஊற்று என்று வைத்தியம் போகிறது. முதல் பாதி இன்றைக்கும் செல்லும். அழுகிய கிளையை வெட்டி வெட்டுவாயை மூடுவது எந்தத் தோட்டக்காரரும் செய்கிற காரியம்தான். பால்தான் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது.

அந்தப் பால் வைத்தியத்துக்குச் சரித்திரத்தில் ஒரு பெரிய கேஸ் உண்டு. புத்தர் ஞானம் பெற்ற புத்தகயா அரசமரத்தை, 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கௌட நாட்டு மன்னன் சசாங்கன் வெட்டி, வேரைத் தோண்டி, தீயும் வைத்தான் என்று சீன யாத்ரீகர் யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். பிறகு மகத மன்னன் பூர்ணவர்மன் ஆயிரக்கணக்கான பசுக்களின் பாலை அந்த வேரில் ஊற்ற, ஒரே இரவில் மரம் பத்தடி வளர்ந்ததாம். மறுபடி யாரும் வெட்டக்கூடாது என்று 24 அடி உயரத்துக்குக் கல் சுவரும் எழுப்பினானாம். (இதே யுவான் சுவாங் 640 வாக்கில் காஞ்சிபுரத்துக்கும் வந்து, அதைத் திராவிட நாட்டின் தலைநகரம் என்று எழுதினார்.)

பத்தடி விஷயத்தை விட்டுவிடுவோம். அரசமரத்தின் வேரில் கொஞ்சம் உயிர் மிச்சம் இருந்தாலும் தளிர் விடும். கோவில் கோபுர இடுக்கில் முளைக்கிற அரசங்கன்றை எத்தனை முறை வெட்டினாலும் திரும்ப வருகிறதே, அந்தப் பிடிவாதம்தான். பால் இல்லாமலேகூட அது தளிர்த்திருக்கும் என்பதுதான் நியாயமான யூகம். உண்மையில் பால் வேருக்குப் பெரிய நன்மை செய்வதில்லை. மண்ணில் கொட்டினால் புளித்து, பூஞ்சையையும் எறும்பையும் கூப்பிடும்.

இன்னொரு எதிரி, தண்ணீரும் தளமும். வேருக்குத் தண்ணீர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், காற்றும் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. மண்ணில் இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகள் முழுக்கத் தண்ணீரால் நிரம்பிவிட்டால் வேர் மூச்சுத் திணறி அழுகும். வேர் அழுகினால் இலை வாடும். இலை வாடுவதைப் பார்த்து நாம் இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம்! வீட்டு வராந்தாவில் இருக்கும் குரோட்டன்ஸும் மணி பிளான்டும் பெரும்பாலும் இப்படித்தான் போய்ச் சேருகின்றன. தாகத்தால் செத்த தொட்டிச் செடிகளைவிடப் பாசத்தால் செத்தவை அதிகம். கோவில் மரத்துக்கும் இதே கதைதான். சுற்றிலும் கருங்கல் தளம் அல்லது சிமென்ட் மேடை, நடுவில் சின்ன வட்டம், அதில் தினமும் அபிஷேகத் தண்ணீர். மரம் எவ்வளவு காலம்தான் தாங்கும்?

மணி பிளான்ட் வாடினால் விவரம் தெரிந்தவர்கள் என்ன செய்வார்கள்? நல்லதாக ஒரு கணுவைப் பார்த்து வெட்டி, பாட்டில் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். தாய்ச்செடி போனாலும் கணு வேர் விட்டுவிடும். சரித்திரத்தில் பிழைத்த பெரிய மரங்கள் சில இந்த வழியில்தான் பிழைத்திருக்கின்றன.

அசோகர் காலத்துக்குப் போவோம், கி.மு. 3-ஆம் நூற்றாண்டு. புத்தகயா மரத்தின் ஒரு கிளையை அசோகரின் மகள் சங்கமித்தை இலங்கைக்குக் கொண்டுபோனார். அந்தக் கிளையைத் தங்கப் பாத்திரத்தில் வேர் விட வைத்துக் கப்பலில் ஏற்றினார்கள் என்கிறது மகாவம்சம். யோசித்துப் பார்த்தால் உலகத்திலேயே மிகப் பிரபலமான தொட்டிச் செடி அதுதான். ஜம்புகோளத் துறையில் இறங்கி (யாழ்ப்பாணம் மாதகல் பக்கத்துச் சம்பில்துறைதான் அது என்பார்கள்) அனுராதபுரம் போய், தேவநம்பிய தீசன் காலத்தில் நடப்பட்டது. இன்றும் அங்கே இருக்கிறது. மனிதர் நட்டு, நட்ட காலம் தெரிந்த மரங்களில் உலகிலேயே பழையது அதுதான் என்கிறார்கள்.

அதைவிட முக்கியம், அடுத்து அவர்கள் செய்த காரியம். அந்த மரத்திலிருந்து முதலில் 8 கன்றுகள், பிறகு 32 கன்றுகள் எடுத்துத் தீவு முழுக்க நட்டார்கள் என்றும் மகாவம்சம் சொல்கிறது. ஒரே இடத்தில் ஒரே மரம் என்று விடவில்லை. இத்தனைக்கும் காரணம் இருந்தது. அசோகரின் ராணி திஸ்ஸரக்கா, ராஜா தன்னைவிட மரத்தின் மேல் பிரியமாக இருக்கிறார் என்ற பொறாமையில் விஷ முள்ளை வைத்துப் புத்தகயா மரத்தைச் சாகடித்தாள் என்று அதே நூல் கதை சொல்கிறது. மரம் கெட்டுப்போக மழை, புயல், பூஞ்சை மட்டும் போதாது போலிருக்கிறது!

புத்தகயா மரம் பிற்காலத்திலும் பலமுறை செத்துப் பிழைத்தது. 1862-ல் தொல்லியல் அறிஞர் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் பார்த்தபோதே அது முக்கால்வாசி உளுத்துப்போயிருந்தது. 1876-ல் ஒரு புயலில் மிச்சமும் விழுந்தது. ஆனால் அதன் விதைகளும் இளங்கன்றுகளும் கையில் இருந்தன. 1881-ல் அதே இடத்தில் புதிய கன்று நடப்பட்டது. இன்று உலகம் முழுவதிலிருந்தும் வந்து கும்பிடுவது அந்த மரத்தைத்தான். வயது 140-ஐத் தாண்டியிருக்கிறது. இதைப் "பழைய மரம் இல்லை" என்று யாரும் ஒதுக்குவதில்லை.

ஆலமரத்துக்கு இந்தக் கவலையே கிடையாது. கல்கத்தா ஹவுரா பக்கம் தாவரவியல் பூங்காவில் இருக்கும் பெரிய ஆலமரம் 1864, 1867 புயல்களில் அடிபட்டது. அடிமரத்தில் பூஞ்சை பிடித்து, 1925-ல் 50 அடிக்கும் மேல் சுற்றளவு இருந்த அந்த அடிமரத்தையே வெட்டி எடுத்துவிட்டார்கள். நடு மரம் இல்லாமலே, ஆயிரக்கணக்கான விழுதுகளை வைத்துக்கொண்டு அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நம் சென்னை அடையாறில் தியசாபிகல் சொசைட்டி ஆலமரத்துக்கும் 1989 புயலில் நடு மரம் சாய்ந்தது. விழுதுகள் பிழைத்தன.

பி.காம். முதல் வருடத்திலேயே கம்பெனி சட்டத்தில் ஒரு வரி சொல்லித்தருவார்கள்: பங்குதாரர்கள் வரலாம், போகலாம், சாகலாம், கம்பெனி சாகாது. ஆலமரம் அப்படிப்பட்ட கம்பெனி. பார்ட்னர்ஷிப் அப்படி இல்லை. வேறு ஏற்பாடு எழுதி வைக்காவிட்டால் ஒரு பார்ட்னர் போனதும் கடை கலைந்துவிடும்.

மாமரம் இரண்டாவது ரகம். விழுது கிடையாது. கிளையை வெட்டி நட்டால் சுலபத்தில் வேர் விடாது. திசு வளர்ப்பிலும் மா ரொம்ப அடம் பிடிக்கும் மரம், வெட்டிய இடம் கறுத்துவிடும். கொட்டையைப் போட்டால் முளைக்கும், ஆனால் அங்கே வேறு சிக்கல். நம் ஊர் மா வகைகளில் பெரும்பாலானவற்றின் கொட்டையில் ஒரே ஒரு கரு இருக்கும். அது தாய்க்கும் எங்கிருந்தோ வந்த மகரந்தத்துக்கும் பிறந்த கலப்புப் பிள்ளை. மல்கோவா கொட்டையைப் போட்டு மல்கோவா எதிர்பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

அதே தாய் மரமே வேண்டும் என்றால் ஒட்டுத்தான் வழி. தாய் மரம் உயிரோடு இருக்கும்போதே, அதன் கிளை நுனியை வேறொரு மாங்கன்றின் தண்டோடு சேர்த்துக் கட்டி இரண்டும் ஒன்றாகும்வரை காத்திருக்க வேண்டும். வராகமிகிரரே ஒட்டுக் கட்டுவதைச் சொல்லியிருக்கிறார். மாம்பழத்தில் அதைப் பெரிய அளவில் பரப்பியவர்கள் 16-ஆம் நூற்றாண்டில் கோவாவில் இருந்த போர்த்துக்கீசியர்கள். அல்போன்சா என்ற பெயரே அவர்களுடைய கவர்னர் அபோன்சோ டி அல்புகர்க் பெயரிலிருந்து வந்ததுதான். ஒரே மரத்தில் நாலு கிளையில் நாலு ரகம் ஒட்டி நாலு சுவை பார்ப்பது இன்றைய நர்சரிக்காரருக்குச் சாதாரண வேலை.

கவனிக்க வேண்டியது அந்த "உயிரோடு இருக்கும்போதே" என்ற வார்த்தையைத்தான். பட்டுப்போன கிளையிலிருந்து ஒட்டு எடுக்க முடியாது. மரம் வாட ஆரம்பித்த பிறகு உரம், மருந்து, பரிகாரம் என்று ஓடுவதில் பாதிக் காலம் போய்விடும். அதற்குப் பத்து வருடம் முன்பு, மரம் பச்சைப்பசேலென்று இருந்தபோது ஓர் ஒட்டுக்கன்றை வேறு இடத்தில் நட்டு வைப்பதற்கு ஆகும் செலவு அற்பம். ஆனால் நன்றாக இருக்கும் மரத்துக்கு வாரிசு தேட யாருக்கும் மனசு வராது, அபசகுனம் மாதிரி தோன்றும். அனுராதபுரத்துக்காரர்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

மதுரை மீனாட்சி அம்மன் கோவிலிலும் பட்டுப்போன கடம்ப மரத்தின் அடிமரம் பாதுகாக்கப்படுகிறது. ஒரு காலத்தில் ஊரே கடம்பவனமாக இருந்ததாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே தில்லை மரத்தால்தான். அந்த மரத்தை இன்று ஊருக்குள் தேடினால் கிடைக்காது. பக்கத்தில் பிச்சாவரம் சதுப்புக் காட்டில், உப்புத் தண்ணீர் ஓரமாகத் தாராளமாக நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, அதனால் விவரம் தெரிந்தவர்கள் அதன் கிளையை ஒடிக்க மாட்டார்கள்.